வாரன் பென்னிஸ்: தலைமையை ஆராய்ந்தவர் தலைமைப் பதவியில் அமர்ந்தபோது

தலைமைத்துவம் பற்றி நூல் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் எந்தப் பெரிய அமைப்பையும் நடத்தியவர்கள் அல்லர். நடத்தியவர்கள் எழுத உட்கார்ந்தாலோ, அது பெரும்பாலும் அவர்களுடைய வெற்றிக் கதையாகவே முடிந்துவிடுகிறது. அமெரிக்க மேலாண்மை அறிஞர் வாரன் பென்னிஸ் இந்த இரண்டு வகையிலும் அடங்காதவர். அமைப்புகள் எப்படி மாறுகின்றன என்பதைப் பல ஆண்டுகள் வகுப்பறையிலும் ஆய்விலும் கற்றுவிட்டு, கற்றதைச் செய்து பார்ப்பதற்காக 1967 முதல் 1977 வரை இரண்டு பல்கலைக்கழகங்களின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். முதல் இடத்தில் அவர் நம்பிய திட்டம் குலைந்தது. இரண்டாவது இடத்தில் அவரே சலித்துப்போனார். தலைமைத்துவ ஆய்வின் முன்னோடி என்று உலகம் அவரைக் கொண்டாடியதெல்லாம் அதற்குப் பிறகு அவர் எழுதிய நூல்களுக்காகத்தான். ஆனால் அந்த நூல்களில் இருந்து எடுத்து எங்கும் மேற்கோள் காட்டப்படும் வாசகங்களைவிட, தம் தோல்வியை அவர் ஆராய்ந்த விதமே கூடுதல் மதிப்புடையது என்று எனக்குத் தோன்றுகிறது.

பென்னிஸ் 1925 மார்ச் 8 அன்று நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட்வுட் என்ற சிற்றூரில் வளர்ந்தார். தந்தை சரக்கு அனுப்பும் பிரிவில் எழுத்தராக இருந்தவர். 1930-களின் பெருமந்தக் காலத்தில் அந்த வேலை திடீரென்று பறிபோனது. மேலிடத்தில் யாரோ எடுத்த ஒரு முடிவு, கேள்வி கேட்க வழியில்லாத ஒரு குடும்பத்தை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதைச் சிறுவனாகப் பார்த்ததை அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அமைப்புகளுக்குள் அதிகாரம் எப்படிப் புழங்குகிறது என்ற கேள்வி அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல.

அடுத்த பாடம் போர்க்களத்தில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஃபோர்ட் பென்னிங்கில் அதிகாரிப் பயிற்சி முடித்து, ஐரோப்பியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது 19. அங்கிருந்த அமெரிக்கக் காலாட்படை அதிகாரிகளில் மிக இளையவர்களில் அவர் ஒருவர். காயமடைந்தவர்களுக்கு அளிக்கப்படும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கமும், வீரச் செயலுக்கான வெண்கல நட்சத்திரப் பதக்கமும் பெற்றுத் திரும்பினார். தம் வயதை ஒத்த அல்லது தம்மைவிட மூத்த, களம் கண்ட வீரர்களுக்குக் கட்டளையிட வேண்டிய நிலையில், தோள்பட்டையில் இருக்கும் சின்னம் கீழ்ப்படிதலைத் தரும், ஆனால் நம்பிக்கையைத் தராது என்பதை அங்கே உணர்ந்தார். நல்ல அதிகாரியின் கீழ் இருந்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். தலைமை என்பது அவருக்கு முதலில் அறிமுகமானது இவ்வளவு அப்பட்டமான வடிவத்தில்தான்.

போருக்குப் பின், படைவீரர்களுக்கான அரசின் கல்வி உதவித் திட்டத்தின் மூலம் ஒஹையோ மாநிலத்தின் ஆன்டியோக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பும் வெளிவேலையும் மாறி மாறி வரும் பாடமுறை கொண்ட கல்லூரி அது. 1948-இல் அதன் தலைவராக வந்தவர் டக்ளஸ் மக்ரிகர். பின்னாளில், ஊழியர்கள் இயல்பிலேயே வேலையைத் தவிர்ப்பவர்கள் என்ற அனுமானத்தை எக்ஸ் கோட்பாடு என்றும், தக்க சூழல் அமைந்தால் அவர்கள் தாமாகவே பொறுப்பேற்பார்கள் என்ற அனுமானத்தை ஒய் கோட்பாடு என்றும் பெயரிட்டு, மேலாண்மைச் சிந்தனையில் அழியாத இடம் பெற்றவர் இவரே. மாணவர் பென்னிஸின் வாழ்க்கையைத் திசைதிருப்பியவரும் இவர்தான். ஆசிரியரின் பேச்சு, உடை, பிடித்த குழாய்ப் புகை வரை தாம் அவரைப் பின்பற்ற முயன்றதைப் பென்னிஸ் ஒளிக்கவில்லை. மக்ரிகரின் பரிந்துரையால்தான் அவருக்கு எம்ஐடி எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தது.

இங்கே மக்ரிகரைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். பென்னிஸின் கதையை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 1954-இல் ஆன்டியோக்கை விட்டு விலகும்போது மக்ரிகர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு தலைவர் தம் அமைப்புக்கு ஆலோசகரைப் போல இருந்தால் போதும், கடினமான முடிவுகளை எடுக்கும் சங்கடத்தையும் எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாத நிலையையும் தவிர்த்துவிடலாம் என்று தாம் நம்பி வந்ததாகவும், அந்த நம்பிக்கை முற்றிலும் தவறு என்பதைப் பதவிதான் தமக்குக் கற்பித்தது என்றும் அதில் ஒப்புக்கொண்டார். அமைப்பில் நடப்பதற்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாததைப் போலவே அதிகாரத்தைப் பயன்படுத்துவதையும் தலைவர் தட்டிக்கழிக்க முடியாது என்பது அவர் வந்துசேர்ந்த முடிவு. பங்கேற்பு மேலாண்மையின் தந்தை என்று போற்றப்படுபவர், அந்தப் புகழைத் தந்த நூலை எழுதுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இப்படி எழுதியிருந்தார். மாணவர் இதே பாடத்தை ஆசிரியரின் கட்டுரையிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

பென்னிஸ் 1955-இல் முனைவர் பட்டம் பெற்றார். பொருளியல் துறையில் பெற்ற பட்டம்தான் என்றாலும் அவருடைய ஈர்ப்பு வேறொரு பக்கம் இருந்தது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த உளவியலாளர் குர்ட் லெவின் விட்டுச்சென்ற ஆய்வு மரபு அப்போது மெய்ன் மாநிலத்தின் பெத்தெல் என்ற ஊரில் கோடைக்காலப் பயிற்சி முகாம்களாக வளர்ந்திருந்தது. லெவின் 1947-இல் மறைந்துவிட்டார்; அதே ஆண்டில்தான் அந்த முகாம்கள் தொடங்கின. முன்பின் அறிமுகமில்லாத பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு அறையில் அமர்வார்கள். நிகழ்ச்சி நிரல் இல்லை, தலைவர் என்று அறிவிக்கப்பட்டவர் இல்லை, பயிற்சியாளர் வழிநடத்த மறுத்துவிடுவார். அந்த வெற்றிடத்தில் யார் பேசத் தொடங்குகிறார், யார் எரிச்சலடைகிறார், யாரைக் குழு பின்பற்றுகிறது, யாரை ஒதுக்குகிறது என்பதைக் குழுவே பார்த்து, குழுவே பேசித் தீர்க்க வேண்டும். டி-குழு என்று அழைக்கப்பட்ட இந்த முறை இன்றைய பெருநிறுவனப் பயிற்சிகளில் பாதிக்கு மூதாதை எனலாம். தலைமை என்பது ஒருவருடைய உடைமை அல்ல, ஒரு குழுவுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் என்ற பார்வை பென்னிஸுக்கு வந்தது இங்கிருந்துதான். பிற்காலத்தில் தனிமனிதத் தலைவர்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவருடைய தொடக்கம் குழுக்களைப் பற்றிய ஆய்வு என்பது அவருடைய வாசகர்களில் பலருக்குத் தெரியாது.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் கற்பித்த பின் எம்ஐடிக்குத் திரும்பினார். கென்னத் பென், ராபர்ட் சின் ஆகியோருடன் சேர்ந்து 1961-இல் வெளியிட்ட, திட்டமிட்ட மாற்றத்தைப் பற்றிய தொகுப்பு நூல், அமைப்பு மேம்பாடு என்ற புதிய துறைக்கு அடிப்படைப் பாடநூலாயிற்று. 1964-இல் சமூகவியலாளர் ஃபிலிப் ஸ்லேட்டருடன் இணைந்து ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரை இன்னும் துணிச்சலானது. ஜனநாயகம் உயர்ந்த நெறி என்பதற்காக அது வெல்லும் என்று அவர்கள் வாதிடவில்லை. இடைவிடாத மாற்றத்துக்கு நடுவே பிழைத்திருக்க வேண்டிய எந்த அமைப்புக்கும், அது அரசாக இருந்தாலும் ஆலையாக இருந்தாலும், தகவல் தடையின்றி மேலும் கீழும் ஓட வேண்டும், பதவியைவிட அறிவுக்கு மதிப்பிருக்க வேண்டும், கருத்து மோதலை அடக்காமல் பயன்படுத்த வேண்டும். இவை இல்லாத அமைப்பு திறன் குறைந்து போட்டியில் தோற்கும் என்பதால், சோவியத் ஒன்றியமும் அந்தத் திசையில் தள்ளப்படும் என்றார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது எழுதப்பட்ட இந்த வாதத்தை, பெர்லின் சுவர் விழுந்தபின் பலர் தீர்க்கதரிசனம் என்று நினைவுகூர்ந்தனர். அது அரைப் பங்குதான் பலித்தது என்பது என் கணிப்பு: பழைய அமைப்பு உடையும் என்ற பகுதி சரியாக இருந்தது; உடைந்த இடத்தில் ஜனநாயகம் வரும் என்ற பகுதி எல்லா இடத்திலும் அப்படியே நடக்கவில்லை. ஸ்லேட்டருடன் 1968-இல் எழுதிய நூலில் இதே வாதம் நிறுவனங்களை நோக்கித் திரும்பியது. நிரந்தர அதிகார அடுக்குகள் மறைந்து, ஒரு சிக்கலைத் தீர்க்கக் கூடி, தீர்ந்ததும் கலையும் தற்காலிகக் குழுக்களே வேலையின் வடிவமாகும் என்று அது கூறியது. மென்பொருள் நிறுவனங்களின் இன்றைய திட்டக் குழுக்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தியத் தொடர்பு ஒன்றும் இந்தக் காலத்தில்தான் நேர்ந்தது. 1961-இல் தொடங்கப்பட்ட கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்துக்கு எம்ஐடியின் மேலாண்மைப் பள்ளியும் ஃபோர்டு அறக்கட்டளையும் துணைநின்றன. அந்த ஏற்பாட்டின் வழியாகப் பென்னிஸ் 1960-களின் நடுவில் கல்கத்தாவுக்கு வந்து கற்பித்தார்.

அந்த நேரத்தில் அவருக்கு நல்ல பெயரும் பேராசிரியர் பதவியும் இருந்தன. ஆனாலும் மாற்றத்தைப் பற்றி எழுதுவதோடு நின்றுவிட்டால் போதுமா என்ற கேள்வி அவரை அரித்தது. பஃபலோவில் வாய்ப்பு வந்தது. அங்கிருந்த தனியார் பல்கலைக்கழகம் 1962-இல் நியூயார்க் மாநில அரசின் பல்கலைக்கழக அமைப்போடு இணைக்கப்பட்டிருந்தது. அரசுப் பணம் தாராளமாக வந்துகொண்டிருந்தது. அதன் தலைவர் மார்ட்டின் மேயர்சன், நகரத் திட்டமிடலில் பெயர்பெற்றவர். பல்கலைக்கழகத்தைப் பழைய துறைச் சுவர்களை உடைத்துப் புதிதாகக் கட்டும் கனவோடு இருந்தார். சமூக அறிவியல் புலத்தை வழிநடத்த 1967-இல் பென்னிஸை அழைத்தார். மாற்றத்தின் கோட்பாட்டாளருக்கு இதைவிடச் சிறந்த சோதனைச்சாலை கிடைத்திருக்காது.

புதியவர்கள் பெருமளவில் நியமிக்கப்பட்டனர். புதிய துறைகளும் புதிய கல்லூரிகளும் அறிவிக்கப்பட்டன. மூன்றே ஆண்டுகளில் எல்லாம் நொறுங்கியது. வியட்நாம் போருக்கு எதிரான மாணவர் போராட்டங்கள் 1970-இல் வளாகத்தைக் கொந்தளிக்க வைத்தன. மேயர்சன் விடுப்பில் இருக்க, பொறுப்புத் தலைவராக இருந்தவர் நகரக் காவல்துறையை வளாகத்துக்குள் அழைத்தார். அவ்வாண்டு மார்ச் மாதம் நிர்வாகக் கட்டடத்தில் அமர்ந்து போராடிய 45 ஆசிரியர்கள் கைது செய்யப்பட்டனர். காவல்துறையை அழைத்ததைக் கண்டித்து, தாம் வகித்துவந்த தற்காலிக நிர்வாகத் துணைத்தலைவர் பதவியிலிருந்து பென்னிஸ் விலகினார். மேயர்சன் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குத் தலைவராகப் போய்விட்டார்.

போராட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்திருக்க முடியும். பென்னிஸ் அப்படிச் செய்யவில்லை. 1973-இல் வெளிவந்த நூலில், திட்டம் தோற்றதற்கான காரணங்களைத் தம் தரப்பிலேயே தேடினார். புதிதாக வரவிருந்தவர்களிடம் வளமான எதிர்காலத்தைப் பற்றி மட்டும் பேசி, நெருக்கடியான நிகழ்காலத்தை மறைத்து அழைத்து வந்தார்கள். வந்தவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள். ஏற்கெனவே அங்கே பணியாற்றிய ஆசிரியர்களுக்குச் சொந்த வரலாறும் பெருமையும் உண்டு என்பதையும், அவர்களிலும் மாற்றத்தை விரும்பியவர்கள் இருந்தார்கள் என்பதையும் புதியவர்கள் பார்க்கத் தவறினார்கள். கல்வித் தரம் பற்றிய பேச்சை மாற்றத்துக்கு எதிரானவர்களின் கைக்கு விட்டுக்கொடுத்தார்கள். அறிவிப்புகளையே மாற்றம் என்று நம்பிக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்றத்தால் பாதிக்கப்படுகிறவர்களை அதன் திட்டமிடலில் சேர்த்துக்கொண்டால்தான் அது நிலைக்கும் என்று வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் கற்பித்தவர், தாமே அதைச் செய்யவில்லை. இன்று எந்த அமைப்பை மாற்றியமைக்க முற்படுகிறவரும் இந்தப் பட்டியலில் தம் முகத்தைக் காண முடியும்.

1971-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் தலைவரானார். இந்தியப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தருக்கு ஒப்பான பதவி அது. அதே ஆண்டில் அங்கே விண்வெளிப் பொறியியல் பேராசிரியராகச் சேர்ந்தவர் நிலவில் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங். நகரத்தின் நிதியில் நடந்துவந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நகரத்தால் இனித் தாக்குப்பிடிக்க முடியாது என்ற நிலை வந்தபோது, 1977-இல் அதை முழுமையாக ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகங்களின் வரிசையில் கொண்டுசேர்த்தது பென்னிஸின் காலத்தில் நடந்த பெரிய மாற்றம். நிறுவனம் பிழைத்தது. அந்த அளவில் அவரைத் தோற்ற நிர்வாகி என்று சொல்ல முடியாது. பலரும் அப்படி எழுதிவிடுகிறார்கள் என்பதால் இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

ஆனால் அவர் செய்ய நினைத்தது வேறு. பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே ஒரு நாள் அதிகாலை நான்கு மணிக்குத் தம் மேசையில் குவிந்திருந்த கடிதங்களுக்கும் கோப்புகளுக்கும் நடுவே அமர்ந்திருந்தபோது, தம்மால் இந்த இடத்தை நடத்த முடியவில்லை, இதுதான் தம்மை நடத்துகிறது என்று உணர்ந்ததாக எழுதினார். வகுப்பறை வெப்பநிலை முதல் வாகன நிறுத்துமிடம் வரை எல்லாப் புகார்களும் அவரிடம் வந்தன. கீழே தீர்க்கப்பட வேண்டிய ஒவ்வொன்றையும் மேலே தள்ளிவிடுவதில் எல்லோருக்கும் வசதி இருந்தது. அதிலிருந்து அவர் வகுத்த விதி எளிமையானது: அன்றாட வேலை அன்றாடம் அல்லாத வேலையை விரட்டிவிடும், ஆக்கபூர்வமான திட்டமிடலை மூச்சுத்திணற வைத்துக் கொன்றுவிடும். தலைவர்களை எதிரிகள் முடக்குவதில்லை. தாம் சதி செய்கிறோம் என்றே அறியாத உடனிருப்போரும், ஒவ்வொன்றுக்கும் தாமே பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கும் தலைவரும் சேர்ந்துதான் முடக்குகிறார்கள் என்று 1976-இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். பதவியில் இருந்துகொண்டே பதவியின் முடக்கத்தைப் பற்றி எழுதிய நூல் அது. அவர் எழுதியவற்றில் எனக்கு மிக நேர்மையானதாகப் படுவது இதுதான். மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் அருகிலிருந்து கவனித்து, அவர்களுடைய நாள் சிறுசிறு துண்டுகளாகச் சிதறிக்கிடப்பதைக் காட்டியிருந்தார். வெளியிலிருந்து மின்ட்ஸ்பெர்க் கண்டதை உள்ளிருந்து பென்னிஸ் உறுதிப்படுத்தினார்.

பதவியின் முடிவு ஒரு கேள்வியில் வந்தது. ஹார்வர்டு கல்வியியல் பள்ளியில் அவர் உரையாற்றியபோது, அதன் முதல்வர் பால் யில்விசேக்கர், சின்சினாட்டியின் தலைவராக இருப்பதை நீங்கள் நேசிக்கிறீர்களா என்று கேட்டார். பதில் உடனே வரவில்லை. நீண்ட மௌனத்துக்குப் பின், தெரியவில்லை என்றார் பென்னிஸ். திரும்பும் வழியிலேயே பதில் தெளிவாகிவிட்டது. தலைவராக இருக்க வேண்டும் என்பதுதான் தம் ஆசை, தலைவர் நாள்தோறும் செய்ய வேண்டிய வேலையைச் செய்யும் ஆசை தமக்கு இல்லை என்பதைப் பின்னர் அவர் பலமுறை சொன்னார். பதவியின் மீதுள்ள விருப்பத்தையும் அதன் பணியின் மீதுள்ள விருப்பத்தையும் பிரித்துப் பார்த்த இந்தத் தெளிவு, எந்தத் தேர்வுக் குழுவும் வேட்பாளரிடம் கேட்கத் தவறும் கேள்வியைத் தருகிறது. 1977-இல் பதவி விலகினார்.

1979-இல் இங்கிலாந்தில் இருந்தபோது கடும் மாரடைப்பு ஏற்பட்டு, மூன்று மாதங்கள் அங்கேயே தங்கி உடல் தேற வேண்டியதாயிற்று. அதன்பின் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் பேராசிரியராகச் சேர்ந்தார். வாழ்க்கையின் மீதி 35 ஆண்டுகளும் அங்கேதான். உலகம் அறிந்த பென்னிஸ் 54 வயதுக்குப் பிறகு உருவானவர்.

அந்தக் காலமும் அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. ஜப்பானியப் போட்டியில் திணறிய அமெரிக்கத் தொழில்துறை தன் மேலாளர்கள் மீது நம்பிக்கை இழந்திருந்தது. உளப்பகுப்பாய்வுப் பின்னணி கொண்ட ஆபிரகாம் சலெஸ்னிக், மேலாளரும் தலைவரும் இருவேறு மனவார்ப்பினர் என்று 1977-இல் எழுதியிருந்தார். வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மக்ரிகர் பர்ன்ஸ், கைம்மாறு கொடுத்து வேலை வாங்கும் பரிவர்த்தனைத் தலைமை, பின்பற்றுவோரையே உயர்த்தி மாற்றும் உருமாற்றத் தலைமை என்ற பகுப்பை 1978-இல் முன்வைத்திருந்தார். பெர்ட் நேனஸுடன் சேர்ந்து பென்னிஸ் 1985-இல் வெளியிட்ட 'லீடர்ஸ்' என்ற நூல் இந்த அலையின் உச்சியில் வந்து அமர்ந்தது. நிறுவனத் தலைவர்கள் 60 பேர், பொதுத்துறையைச் சேர்ந்தவர்கள் 30 பேர் என 90 பேரை நேரில் கண்டு உரையாடியதே அதன் அடித்தளம். ஆம்ஸ்ட்ராங்கும் அவர்களில் ஒருவர்.

அந்த 90 பேரிடம் பொதுவாக நான்கு திறன்களைக் கண்டதாக நூல் கூறியது: கவனத்தைக் குவிக்கும் ஒரு தொலைநோக்கு, அதைப் பிறருக்குப் பொருள்படச் சொல்லும் ஆற்றல், நிலைபாடு மாறாமையால் வரும் நம்பகம், தம் வலிமையையும் குறையையும் அறிந்து தம்மைப் பயன்படுத்திக்கொள்வது. கடைசித் திறனை விளக்கக் கயிற்றின் மேல் நடக்கும் கலைஞர் கார்ல் வாலெண்டாவை எடுத்துக்காட்டினார்கள். 1978-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் உயரக் கயிற்றிலிருந்து விழுந்து அவர் இறந்தார். அதற்கு முந்தைய மாதங்களில்தான், வாழ்வில் முதல்முறையாக, நடப்பதைப் பற்றி நினைக்காமல் விழாமல் இருப்பதைப் பற்றியே அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி சொன்னார். தாங்கள் கண்ட தலைவர்கள் தோல்வி என்ற சொல்லையே பெரும்பாலும் பயன்படுத்தவில்லை என்றும், பிழை, தடங்கல், பாடம் என்று வேறு பெயர்களால் அதைக் குறித்தார்கள் என்றும் நூல் பெருமையோடு பதிவு செய்கிறது.

இங்கேதான் வாசகர் சற்று நிற்க வேண்டும். வென்றவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, நீங்கள் எப்படி வென்றீர்கள் என்று அவர்களிடமே கேட்டால், கிடைப்பது வெற்றியின் காரணம் அல்ல, வென்றவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை. அதே நான்கு திறன்களோடு இருந்தும் தோற்றவர்கள் எத்தனை பேர் என்பதை இந்த முறையால் அறியவே முடியாது. 90 பேரில் பெரும்பாலோர் வெள்ளை இன ஆண்கள் என்பது அக்கால அமெரிக்க நிறுவனங்களின் நிலையைக் காட்டுகிறது. தலைமையின் இயல்பைக் காட்டவில்லை. ஜேம்ஸ் மெய்ண்டலும் உடன் ஆய்வாளர்களும் அதே 1985-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நிறுவனம் மிக நன்றாகவோ மிக மோசமாகவோ செயல்படும்போது, சந்தை நிலவரம், தொழில்நுட்பம், தற்செயல் ஆகியவற்றை மறந்துவிட்டு, காரணத்தைத் தலைவர் மீது ஏற்றிவிடும் போக்கு மக்களிடம் இருக்கிறது என்று அதில் காட்டினார்கள். தலைமையின் மீதான காதல் மயக்கம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மெய்ண்டல் பணியாற்றியது பென்னிஸ் விட்டுவந்த அதே பஃபலோ பல்கலைக்கழகத்தில். பஃபலோவில் தம் தோல்வியைச் சூழல், வரலாறு, உடனிருந்தோர் என்று பல காரணிகளாகப் பிரித்துப் பார்த்தவர், பிறருடைய வெற்றியை ஆராயும்போது அந்தப் பகுப்பைக் கைவிட்டுவிட்டார் என்பதே என் குறை.

மேலாளர் காரியங்களைச் சரியாகச் செய்கிறார், தலைவர் சரியான காரியங்களைச் செய்கிறார் என்ற வாசகமும் இந்தக் காலத்தில்தான் பரவியது. உலகெங்கும் பயிற்சி அரங்குகளில் அது ஓதப்படுகிறது. சின்சினாட்டியில் அன்றாடக் கோப்புகளால் மூழ்கடிக்கப்பட்ட ஒருவரிடமிருந்து அது வந்ததன் நியாயம் புரிகிறது: எதைச் செய்வது என்று கேட்க நேரமே இல்லாமல், வருவதையெல்லாம் திறம்படச் செய்துகொண்டிருப்பது ஒரு பொறி என்பதை அவர் அனுபவித்தவர். ஆனால் வாசகம் அனுபவத்திலிருந்து கழன்று தனியே உலவத் தொடங்கியபோது, நிர்வாகம் என்பது கீழான வேலை, தலைமை என்பது உயர்ந்த அழைப்பு என்ற பொருளைப் பெற்றுவிட்டது. மின்ட்ஸ்பெர்க் இதைத் தொடர்ந்து எதிர்த்தார். வழிநடத்தத் தெரியாத மேலாளரின் கீழும், நிர்வகிக்கத் தெரியாத தலைவரின் கீழும் யார் வேலை செய்ய விரும்புவார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். இதில் மின்ட்ஸ்பெர்க்கின் பக்கமே நியாயம் இருக்கிறது. யில்விசேக்கரின் கேள்வி அம்பலப்படுத்தியதும் இதைத்தானே: அன்றாட வேலையை விரும்பாதவர் அந்தப் பதவியில் நீடிக்க முடியாது.

1989-இல் வந்த 'ஆன் பிகமிங் எ லீடர்' அவருடைய மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட நூல். தலைவராவது என்பது தானாக ஆவது, தன்னை முழுமையாக வெளிப்படுத்தக் கற்பது என்பதே அதன் மையக் கருத்து. தலைவர்கள் பிறப்பதில்லை, உருவாகிறார்கள், அதுவும் பிறரால் அல்லாமல் தம்மாலேயே உருவாகிறார்கள் என்றார். ஊக்கமூட்டும் நூல்தான், ஆனால் தன்னை வெளிப்படுத்துகிறவர் எல்லோரும் தலைவர் ஆகிவிடுவதில்லை என்பதால் இதைக் கோட்பாடாக எடுத்துக்கொள்வதில் சிக்கல் உண்டு.

குழுக்களிடம் அவர் திரும்பி வந்தது 1997-இல். பாட்ரிசியா வார்ட் பீடர்மனுடன் எழுதிய நூலில், அணுகுண்டை உருவாக்கிய மன்ஹாட்டன் திட்டம், டிஸ்னியின் அசைவூட்டக் கலைஞர்கள், கணினியின் இன்றைய முகத்தை வடித்த ஜெராக்ஸ் ஆய்வு மையம், லாக்ஹீட் விமான நிறுவனத்தின் ரகசியப் பட்டறை போன்ற மகத்தான குழுக்களை எடுத்து ஆராய்ந்தார். தனிப்பெரும் தலைவர் என்ற கற்பனை இறந்துவிட்டது என்பதே நூலின் தொடக்க வாதம். திறமையால் தம்மை மிஞ்சியவர்களை அழைத்துவந்து, நிறுவனத்தின் தொல்லைகளிலிருந்து அவர்களைக் காத்து, வேலையின் பொருளை அவர்கள் மறக்காமல் பார்த்துக்கொள்வதே இத்தகைய குழுக்களில் தலைவரின் பணி என்று அது காட்டியது. பெத்தெல் முகாம்களில் தொடங்கியவர், தனிமனிதரைக் கொண்டாடிய இரண்டு புகழ்பெற்ற நூல்களுக்குப் பின், தம் பழைய பார்வைக்கு வந்துசேர்ந்தார். இந்த நூலிலும் வென்ற குழுக்கள்தான் பேசப்படுகின்றன என்ற குறை இருக்கிறது. இருந்தாலும் வேலை நடக்கும் விதத்தை விவரிப்பதில் 'லீடர்ஸ்' நூலைவிட இது பல மடங்கு செறிவானது.

ராபர்ட் தாமஸுடன் 2002-இல் வெளியிட்ட நூலில் முப்பது வயதை ஒட்டிய இளம் தலைவர்களையும் எழுபது கடந்தவர்களையும் ஒப்பிட்டார். இரு தலைமுறைக்கும் பொதுவாக இருந்தது, ஒவ்வொருவர் வாழ்விலும் தம்மைப் பற்றிய எண்ணத்தையே புரட்டிப்போட்ட ஒரு கடும் சோதனை. அதை அவர்கள் உலைக்களம் என்று அழைத்தார்கள். சீனச் சிறைகளில் 16 ஆண்டுகள் கழித்த சிட்னி ரிட்டன்பெர்க் அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒருவர். சோதனை எல்லோருக்கும் வருகிறது. அதற்குப் பொருள் கண்டு, அதிலிருந்து தகவமைத்துக்கொள்ளும் திறன்தான் சிலரைப் பிரிக்கிறது என்றார்கள். போர்க்களத்தையும் சின்சினாட்டியையும் மாரடைப்பையும் கடந்தவர் இதைக் கண்டுபிடித்ததில் வியப்பில்லை.

எண்பது வயதில் அவர் எழுதிய ஒரு கட்டுரை தம் சொந்தத் தொழிலையே தாக்கியது. ஜேம்ஸ் ஓ'டூலுடன் 2005-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய அதில், வணிகப் பள்ளிகள் வழிதவறிவிட்டன என்றார்கள். மருத்துவமும் சட்டமும் போல மேலாண்மை ஒரு தொழில்முறைக் கல்வி. ஆனால் வணிகப் பள்ளிகள் தம்மை இயற்பியல் துறைபோல எண்ணிக்கொண்டு, ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகளின் கறார்த்தன்மையைக் கொண்டே தம் தரத்தை அளக்கின்றன, ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வும் தருகின்றன. விளைவாக, உண்மையான நிறுவனத்துக்குள் கால் வைத்தே பார்த்திராதவர்கள் அதை நடத்தக் கற்பிக்கிறார்கள். எண்ணாக மாற்ற முடியாத தீர்ப்புத்திறன், அறநெறி, மனித உறவு ஆகியவை பாடத்திட்டத்திலிருந்து நழுவுகின்றன. அறுவை மருத்துவரை, அறுவையே செய்திராத பேராசிரியரிடம் பயிற்சிக்கு அனுப்புவோமா என்ற கேள்வியைப் போன்றது இது. ஆய்வின் கறார்த்தன்மையைக் குறைத்துப் பேசும் உரிமை, 90 நேர்காணல்களில் முடிவு கண்ட ஒருவருக்கு எவ்வளவு உண்டு என்று கேட்கலாம். ஆனால் வணிகப் பள்ளிகளின் பதவி உயர்வு முறை பற்றி அவர் சொன்னதை மறுப்பது கடினம்.

அவரே இதற்கு ஒரு மாற்று வைத்திருந்தார். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், தேர்ந்தெடுத்த இளநிலை மாணவர்களுக்கான தலைமைத்துவ வகுப்பு ஒன்றை, பல்கலைக்கழகத்தின் தலைவர் ஸ்டீவன் சாம்பிளும் அவரும் சேர்ந்து பல ஆண்டுகள் நடத்தினார்கள். சாம்பிள் மின்பொறியாளர், தென் கலிபோர்னியாவை 1991 முதல் 2010 வரை வழிநடத்தியவர். அதற்கு முன் 1982 முதல் 1991 வரை அவர் தலைவராக இருந்தது பஃபலோவில். ஒருவர் திட்டம் குலைந்து வெளியேறிய இடத்தை ஒன்பது ஆண்டுகள் நடத்திவிட்டு வந்த மற்றொருவர், ஒரே மேசையில் அமர்ந்து, மாணவர்கள் முன்னால் ஒருவரோடு ஒருவர் வாதிட்டார்கள். பதவியில் இருக்க விரும்புவது, பதவியின் வேலையைச் செய்ய விரும்புவது என்ற வேறுபாட்டைச் சாம்பிளும் தம் நூலில் வலியுறுத்தினார். பென்னிஸ் 2014 ஜூலை 31 அன்று லாஸ் ஏஞ்சலஸில் 89 வயதில் காலமானார். சாம்பிளுடன் சேர்ந்து எழுதிய, அந்த வகுப்பின் வழிவந்த நூல், அடுத்த ஆண்டில் வெளியாயிற்று.